தாய்வீட்டில் ஆறு வாரம்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிர்காக்கும் பணி, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இன்று பெரிதும் பிறந்த முதல் மாதத்தைப் பற்றிய பணியாகிவிட்டது. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மாநிலத்தில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன் இறக்கின்றனர். அந்த 13 இறப்புகளில் 9, முதல் 28 நாட்களுக்குள் நேர்பவை. 2000ஆம் ஆண்டில் இதே சிசு இறப்பு விகிதம் 51 ஆக இருந்தது. இருபது ஆண்டுகளில் கிடைத்த இந்த இறக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் இருபத்துநான்கு மணி நேரப் பிரசவ சேவைக்கும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கும், தடுப்பூசிக்கும் பெரும் பங்குண்டு. எஞ்சியிருக்கும் இறப்புகளைக் குறைக்க, மருத்துவமனை வாசலைத் தாண்டி வீட்டுக்குள் போயாக வேண்டும்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குட்பட்டவர்களில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55 சதவீதம். முதல் குறைக்கு மருத்துவமனைகளே பொறுப்பு. பிரசவங்களில் 45 சதவீதம் அறுவைச் சிகிச்சை என்பது அதற்கு ஒரு காரணம். இரண்டாவது குறை வீட்டில் உருவாகிறது.

எந்த வீட்டில் என்பதுதான் இங்கே முக்கியம். தலைப்பிரசவம் தாய்வீட்டுக்கு உரியது என்ற வழக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றும் உறுதியாக இருக்கிறது. கீரமங்கலத்திலிருந்து வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண், கணவர் ஊரில் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறார். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வருகிறார். மாவட்டத் தலைநகரில் பிரசவித்து, குழந்தையோடு கீரமங்கலம் திரும்பி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குப் போகிறார். 2008 முதல் நடைமுறையில் உள்ள, கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பின்தொடரும் ‘பிக்மி’ பதிவில் அவருக்கு ஓர் எண் உண்டு. ஆனால் அவரைப் பதிவு செய்த கிராம சுகாதாரச் செவிலியருக்குக் குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. கீரமங்கலத்துச் செவிலியருக்கு அப்படியொரு குழந்தை வந்திருப்பதே தெரிவதில்லை. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீடு தேடி வருவார். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைப்பகுதிகளிலும் எளிதில் சென்றடைய முடியாத ஊர்களிலும் மட்டுமே உள்ளனர். சமவெளியில் அந்த வேலை, சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒருவராக இருக்கும் செவிலியர் தலையில்தான் விழுகிறது.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு நிதியுதவியின் தவணைகள் பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றோடு இணைக்கப்பட்டவை. மருத்துவமனையை விட்டு வந்த நாளுக்கும் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கும் இடையே, குடும்பம் சுகாதாரத் துறையைத் தேடி வர எந்தக் காரணமும் இல்லை. உயிருக்கு ஆபத்து மிகுந்த நாட்கள் அவைதான்.

அந்த நாட்களில் செவிலியர் வீட்டுக்குப் போனால் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டும். குழந்தையைச் சுற்றியிருக்கும் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். அழாமல் இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அறுபது அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி எண்ணி, அப்போதும் குறையாவிட்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஆழமாகக் குழி விழுகிறதா, தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருக்கின்றனவா, வயிறும் பாதமும் சில்லிட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாகத் தாய் பால் கொடுப்பதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பால் குடிப்பதை நிறுத்திவிட்ட பச்சிளங்குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்ப வேறு அறிகுறி எதுவும் தேவையில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் தாயின் அம்மாவான அம்மாச்சி. முதல் ஆறு வாரத்தில் குழந்தை தொடர்பான முடிவுகள் பெரும்பாலும் அவருடையவை. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, உரைமருந்து கொடுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுக்க அழைத்துப்போவது எல்லாம் அவர் சொற்படி நடப்பவை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதே அம்மாச்சி தீட்டு என்று சொல்லி வெளியாட்களை அண்டவிடாமல் வைத்திருப்பதும், இதமாக எண்ணெய் தேய்த்துவிடுவதும், தாயை வேறு வேலைக்கு விடாமல் காப்பதும் குழந்தைக்கு நல்லவை. எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒரே மூச்சில் ஒதுக்கும் பணியாளருக்கு அந்த வீட்டுக் கதவு மறுமுறை திறக்காது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிய பிறகு சொல்லும் ஒரு தடை நிற்கும்.

வயிற்றுப்போக்கு இதற்கு நல்ல உதாரணம். உச்சிக்குழி உள்ளே விழுந்து, கண் சொருகிக் கிடந்தால் வீட்டில் அதைத் தோஷம் என்பார்கள். குடலேற்றம் என்று வயிற்றைத் தடவுவார்கள். அவர்கள் கண்டது சரியான அறிகுறி. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. “உச்சிக்குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரி, போகும் வழியெல்லாம் தாய்ப்பாலும் உப்பு-சர்க்கரைக் (ஓ.ஆர்.எஸ்.) கரைசலும்” என்ற செய்தி அவர்கள் அறிவோடு ஒட்டிக்கொள்ளும். தென்னந்தோப்புகள் நிறைந்த இந்தப் பகுதியில் இளநீரே போதும் என்ற எண்ணம் உண்டு. இளநீரில் சோடியம் குறைவு. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அது கூடுதல் பானமாகலாமே தவிர, ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு ஈடாகாது. துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்துவதே பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

கீரமங்கலம் பூ விளையும் ஊர். மல்லிகையும் முல்லையும் விடியுமுன் பறித்தாக வேண்டியவை; பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளை பெற்ற சில மாதத்தில் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு “பால் பத்தலை” என்ற பேச்சோடு புட்டிப்பால் வந்துவிடுகிறது. பாலைப் பீய்ச்சி மூடிய எவர்சில்வர் டம்ளரில் வைத்தால் நான்கு மணி நேரம் கெடாது, பாலாடையால் புகட்டலாம் என்பதைச் சொன்னால் மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும்.

செய்து காட்டுவதிலும் கூடிப் பேசுவதிலும் தமிழ்நாட்டுக்கு அனுபவம் குறைவில்லை. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, வளர்ச்சிக் கோடு தளர்ந்த குழந்தைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் துணை உணவு தந்தது. அந்தக் கோட்டைத் தாய்க்கும் காட்டியது. புதுக்கோட்டையில் 1991–92இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றியது. அப்போது அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவோடு சேர்ந்து, தர்மபுரியில் 1997–99இல் பெண்சிசுக் கொலைக்கு எதிராக நடந்த கலைப்பயணத்தைப் பதிவு செய்தார். ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிராமங்களில் ஏக்ஜுட் அமைப்பு நடத்திய ஆய்வில், மாதம் ஒருமுறை கூடிக் கதையும் படமும் வைத்துப் பேசிய பெண்கள் குழுக்கள் இருந்த பகுதிகளில், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைவாக இருந்தது. இங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றின் கூட்டங்களில் கடனும் வட்டியும் பேசி முடித்தபின் அரை மணி நேரம் குழந்தைகளுக்கு ஒதுக்கலாம்; அம்மாச்சிகளையும் அழைக்கலாம்.

வீட்டுப் பழக்கத்தை மட்டும் திருத்தினால் போதாது என்பதற்கும் இதே மாவட்டத்தில் சான்று உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான், தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கை கழுவச் சொல்லும் பிரச்சாரத்தால் அந்தக் குழந்தைகளைக் காத்திருக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியைச் சோதிப்பதும், ஒதுக்கப்பட்ட தெருவுக்கு முதலில் போவதும் சுகாதார மேம்பாட்டின் பகுதிகள்தான்.

வட்டார மருத்துவ அலுவலர்கள் அடுத்த மாதக் கூட்டத்திலேயே ஒரு நடைமுறையைத் தொடங்கலாம். தாயும் சேயும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில், அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதி, அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும். மறுநாளே அவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இதற்குப் புதிய திட்டமோ நிதியோ தேவையில்லை.