மச்சான் கையில் கயிறு!

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர்கள் மறக்காமல் ஒன்றைச் சொல்வார்கள். கடலில் மூழ்குபவரின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவர் அவருடைய மச்சானாக இருக்க வேண்டுமாம். ஏன்? கயிற்றை விட்டால் போவது சொந்தத் தங்கச்சியின் தாலி. கண் அயருவாரா?

அங்கே கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். ஆனால் அந்த மச்சான் வேலை இன்று மெஷின்களுக்குள் நடக்கிறது. பெயர், ‘வாட்ச்டாக் டைமர்’. காவல்நாய்!

தோணியில், கீழிருந்து கயிறு அசைந்தால் மேலே இழுப்பார்கள். இங்கே தலைகீழ். அசைவு நின்றால்தான் இழுப்பு. 60 விநாடி என்று வைத்தால், அது முடிவதற்குள் சாஃப்ட்வேர் ‘நான் இருக்கேன்’ என்று ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். உறைந்துபோய்த் தட்டவில்லையா? மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய ‘பாத்ஃபைண்டர்’ சிக்கியபோது அப்படித்தான் திரும்பத் திரும்ப எழுந்தது. அங்கே ஆள் அனுப்பி ஸ்விட்ச் போட முடியுமா? பூமியில் இருந்தபடியே கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்.

இந்த டைமர் சிப்போடு லினக்ஸ் பேசுவதற்கு ‘டிரைவர்’ என்ற சின்ன புரோகிராம் வேண்டும். நம் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு டிரைவரும் திறப்பது, மூடுவது, நேரம் வைப்பது எல்லாவற்றையும் தனித்தனியே எழுதி வைத்திருந்தது. ஒன்றில் தப்பைத் திருத்தினால், அதே தப்பு மற்றவற்றில் அப்படியே கிடக்கும். 2011-ல் பொதுவான அமைப்பு ஒன்று கெர்னலுக்கு வந்தது. இனி டிரைவர் சொல்ல வேண்டியது தன் சிப்பை எப்படித் தொடங்குவது, நிறுத்துவது, தட்டுவது, நேரம் மாற்றுவது என்பதைத்தான். மிச்சத்தைப் பொது அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

பழைய டிரைவரை இதற்கு மாற்றும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, சில மெஷின்களில் லினக்ஸ் எழுவதற்கு முன்பே டைமர் ஓட ஆரம்பித்திருக்கும். ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று டிரைவர் சொல்லிவிட்டால், பொறுப்பான சாஃப்ட்வேர் வரும்வரை கெர்னலே தட்டிக்கொண்டிருக்கும். சொல்ல மறந்தால், எழுந்து முடிப்பதற்குள் மெஷின் மறுபடி விழும். கயிறு கைமாறும்போது யார் கையிலும் இல்லாத நொடி இருக்கவே கூடாது.

இரண்டு, காவலை நிஜமாகவே நிறுத்த நினைக்கும் சாஃப்ட்வேர், மூடும் முன் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தை எழுத வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. எழுதாமல் செத்துப்போனால் காவல் தொடரும். மாற்றிய டிரைவரிலும் இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, வேண்டுமென்றே மெஷினை உறைய வைத்து, தானாக எழுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு வைஃபை பெட்டி எப்போதாவது தானாக அணைந்து எழுந்தால் உடனே திட்டாதீர்கள். உள்ளே மச்சான் விழித்திருக்கலாம். ஆனால் தினமும் நடந்தால் விடாதீர்கள். அவர் இழுத்துக்கொண்டே இருக்கிறார் என்றால், கீழே ஏதோ கோளாறு. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்!