சொல்லுக்கும் சோதனை வேண்டும்!



திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போகிறீர்களா? பணகுடி பக்கம் வந்ததும் வலது பக்க ஜன்னல் வழியே பாருங்கள். உயர்ந்து நிற்பதுதான் மகேந்திரகிரி மலை. அங்கே இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை நிலையம் இருக்கிறது. இன்ஜினைப் பறக்க விடாமல், இறுகப் பூட்டி வைத்து எரித்துப் பார்ப்பார்கள். கோளாறு இருந்தால் தரையிலேயே தெரிந்துவிடும்.

அங்கு சோதிக்கப்படும் இன்ஜின்களில் ஒன்று 'விகாஸ்'. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் நம்பி நாராயணன். 1941-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். மனிதன் நிலவில் கால் வைத்த 1969-ல், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அப்போது நம் நாட்டில் திட எரிபொருள் ராக்கெட்டுகளுக்கே முதலிடம். அவை தீபாவளி ராக்கெட் மாதிரி. பற்ற வைத்தால் நடுவில் அணைக்க முடியாது. திரவ எரிபொருளோ கேஸ் அடுப்பு மாதிரி, வேண்டும்போது நிறுத்தலாம். அது நமக்குக் கட்டாயம் தேவை என்று உழைத்தார் நம்பி.

1994 அக்டோபரில், விகாஸ் இன்ஜின் பொருத்திய பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக வெற்றி பெற்றது. அடுத்த மாதமே அவரைக் கேரளக் காவல்துறை கைது செய்தது. ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று பழி! ஊரே அவரைத் துரோகி என்றது. அது பொய்ப் புகார் என்று 1996-ல் சி.பி.ஐ. சொன்னது. அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆண்டு 2018. அடுத்த ஆண்டு பத்மபூஷண் விருதும் கிடைத்தது. ஆனால், போன வருடங்கள் திரும்பி வருமா?

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாணவனின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. பக்கத்துப் பையன்தான் எடுத்தான் என்று வகுப்பே சொன்னது. விசாரிக்காமல் நானும் அவனைத் திட்டிவிட்டேன். மறுநாள், பெட்டி தொலைத்தவன் வீட்டிலேயே கிடைத்தது. மன்னிப்புக் கேட்டேன். என்றாலும், அந்தப் பையன் தலைகுனிந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓர் இன்ஜினையே இத்தனை முறை சோதிக்கிறோம். ஒருவரைப் பற்றிய சொல்லைச் சோதிக்காமல் பறக்க விடலாமா?

இனி யாராவது "அவன் திருடன்" என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ பார்த்தாயா? யார் சொன்னார்? அவனிடம் கேட்டாயா?

பதில் இல்லையென்றால், அந்தச் சொல் உங்களோடு நிற்கட்டும். ஏவிய ராக்கெட்டைப் போலத்தான் சொல்லும். திரும்ப அழைக்க முடியாது!