ஹலால் பலகை மட்டும் போதுமா?



2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. தடை போட்டால் கடைப் பையனுக்குத் தொழிலறிவு வந்துவிடுமா?

உக்கடம், கரும்புக்கடைப் பக்கம் அடுப்படியில் நிற்கும் நம் தம்பிகளைக் கேட்டுப் பாருங்கள். கம்பியில் சுழலும் கறி வெளியே சிவந்திருந்தாலும் உள்ளே வேகாமலிருக்கும். கோழி வெட்டிய கத்தி வெங்காயத்தில் படக்கூடாது. இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றில் ஊறிய நஞ்சு, மறுநாள் சூடாக்கினாலும் போகாது. இதையெல்லாம் எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்?

மனையியல் என்றொரு பாடம் இல்லாமலில்லை. அதற்கென்றே 1957-இல் நம் கோவையில் அவினாசிலிங்கம் மகளிர் கல்லூரி எழுந்தது. ஆனால் அதைப் பெண்பிள்ளைகளின் படிப்பென்று ஒதுக்கிவிட்டோம். பிரியாணி மாஸ்டர்களோ பெரும்பாலும் ஆண்கள்!

இறைமறை (2:168) ஹலாலோடு 'தய்யிப்' என்பதையும், அதாவது தூய்மையையும், சேர்த்தே சொல்கிறது. நாமோ பலகையில் முதல் சொல்லை மட்டும் எழுதுகிறோம்.

ஒன்பதாம் வகுப்பிலேயே ஆண் பிள்ளைகளுக்கும் சமையலையும் உணவுப் பாதுகாப்பையும் அரசு பாடமாக்க வேண்டும். அதுவரை நம் சமுதாயப் பள்ளித் தாளாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். ஓட்டல் நடத்தும் வியாபாரிகளே, அந்த வகுப்புக்கு உங்கள் மாஸ்டரையும் அனுப்புவீர்களா?