கைவினை கற்றோர்க்குக் கடல்கடந்த கல்வி

கல்வியை நாடி ஊர்விட்டு ஊர் செல்வது நம் மண்ணுக்குப் புதியதன்று. காஞ்சியை அடுத்த எங்கள் திருப்புட்குழியில்தான் இராமானுசர் தம் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடங்கேட்டார் என்று வைணவ மரபினர் பெருமையுடன் கூறுவர். நம் மதரஸாக்களின் வழக்கமும் அத்தகையதே. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதுவதற்குத் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்து மட்டுமன்றி, இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மாணவர்கள் வந்திருக்கிறார்கள்.

எனினும், தறியும் உளியும் தூரிகையும் பிடித்த குடும்பத்துப் பிள்ளை, அதே கலையை உயர்கல்வியாக அயல்நாடு சென்று கற்கலாம், அதற்கு உதவித்தொகையும் உண்டு என்று சொன்னால் நம்மில் பலர் நம்புவதில்லை. வெளிநாட்டுப் படிப்பென்றாலே மருத்துவமும் பொறியியலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பி.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுவிடுகிறோம்.

அங்கே அவனுக்கும் அவளுக்கும் இடமிருக்கிறது. பழைய ஆடைகள், ஓவியங்கள், சுவடிகள், மரவேலைப்பாடுகள், கட்டடங்கள் ஆகியவற்றைச் சிதையாமல் காப்பது இன்று தனியொரு கல்வித்துறை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கப்பட்ட துணிப் பாதுகாப்பு மையத்தில், பழந்துணிகளைக் காக்கும் கலையை இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாகக் கற்பிக்கின்றனர். இங்கிலாந்தின் வெஸ்ட் டீன் கல்லூரியில் நூல்களையும் மரச்சாமான்களையும் பழுதுபார்க்கும் பயிற்சி உண்டு. நம் வாசகர்களுக்கு மிக அணுக்கமானது லண்டனிலுள்ள மரபுக்கலைப் பள்ளி. பேராசிரியர் கீத் கிரிட்ச்லோ 1984இல் அரச கலைக் கல்லூரியில் இஸ்லாமிய, மரபுக் கலைகளுக்கெனத் தொடங்கிய பாடத்திட்டமே பின்னர் இப்பள்ளியாக வளர்ந்தது. வடிவியல் கோலங்கள், நுண்ணோவியம், ஓடு வேலைப்பாடு ஆகியவற்றைக் கைப்பழக்கமாகவே அங்கே கற்பிக்கின்றனர்.

இக்கல்வி நமக்கு எதற்கு என்று கேட்போர் நம் சொத்துகளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கற்றூண்கள் தாங்கிய பழம் பள்ளிவாசல்கள் நிற்கின்றன. பழைய குடும்பங்களின் பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரைப்புல்லைப் பட்டுப்போல் மெல்லியதாகக் கிழித்துப் பாய் நெய்கின்றனர். காஞ்சிப் பட்டிலோ, உடலும் கரையும் தனித்தனி நிற ஊடையால் நெய்யப்பட்டுப் பூட்டப்படும் கோர்வை வேலை இருக்கிறது. அதற்குத் தறியில் இருவர் அமர வேண்டும். இவற்றைக் காக்க ஊரில் நல்லெண்ணம் நிறைய உண்டு. முறையாகப் பயின்ற கைகள்தாம் குறைவு. பழந்தாளைப் பாதுகாப்பதாக எண்ணிப் பசைநாடாவை ஒட்டுவதும், பழைய பள்ளிவாசலின் சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்டைப் பூசுவதும், பயிற்சியின்மையால் நல்ல மனத்தோடு செய்யப்படும் கேடுகள்.

இனி உதவித்தொகைகளைப் பார்ப்போம். கல்கத்தாவில் வணிகம் செய்து பொருளீட்டி 1916இல் மறைந்த சார்லஸ் வாலஸ் என்பாரின் செல்வத்திலிருந்து, 1981இல் சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை அமைந்தது. இந்தியர்கள் பிரிட்டன் சென்று கலையும் மரபுரிமைப் பாதுகாப்பும் பயில இது உதவி வந்துள்ளது. ஆயின் இது முழுச் செலவையும் ஏற்பதன்று. மீதியை மாணவரே தேட வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கிறது. அதற்குப் பட்டத்தோடு இரண்டாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். இஸ்லாமியக் கலை, கட்டடக்கலை ஆய்வுக்கென்றே 1987இல் தொடங்கப்பெற்ற பரக்கத் அறக்கட்டளையும் மாணவர்களுக்கு உதவுகிறது.

நம் நாட்டு அரசின் உதவிகளில் மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. சிறுபான்மை மாணவர் அயல்நாட்டில் படிக்க வாங்கும் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. வட்டிக் கடனுக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு அத்திட்டம் முழு நிறைவு தந்ததில்லை. ஆதலால்தான் திருப்பித்தர வேண்டாத உதவித்தொகையை நாம் கூடுதல் கவனத்துடன் தேட வேண்டும். தமிழக அரசு 2025இல், வெளிநாட்டில் முதுநிலைக் கல்வி பயிலும் முஸ்லிம் மாணவர் பத்துப் பேருக்குத் தலா 36 லட்சம் ரூபாய் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. எண்ணிக்கை சிறிதாயினும் வரவேற்கத்தக்கது.

வருந்தத்தக்கது வேறொன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்திட்டத்தில், பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் ஆகியோருடன் பரம்பரைக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. ஆனால் மொத்தம் 125 இடங்களில், நிலமற்ற தொழிலாளருக்கும் கைவினைஞருக்குமாகச் சேர்த்து ஒதுக்கப்பட்டவை நான்கே. அதற்கும் மேலாக, 2022இல் வந்த விதிமுறை, இந்தியப் பண்பாடு, மரபுரிமை, வரலாறு பற்றிய பாடங்களுக்கு உதவி இல்லை என்று கூறிவிட்டது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இக்காரணத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. மறுபாதியை 1866ஆம் ஆண்டு சொல்லும். அவ்வாண்டில் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளாகக் கட்டி, 20 பிரதிகள் செய்தார். இந்தியர் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்பதை ஆங்கிலேய ஆலைகள் அறிந்து நெய்து விற்கவே அவ்வேற்பாடு. அவற்றுள் 13 பிரதிகள் பிரிட்டனுக்குச் சென்றன. ஏழு மட்டுமே இந்தியாவுக்குக் கிடைத்தன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இந்தியத் துணிகள் ஏராளமாக உள்ளன. நம் பாட்டனார் நெய்த துணி கடலுக்கு அப்பால் இருக்கையில், அதனைக் காண நெசவாளர் பேரன் அங்கே போவதில் பொருந்தாமை என்ன இருக்கிறது? கைவினைஞன் என்பதற்காக இடம் கொடுத்து, அவன் கைவினையின் மரபைப் படிக்கக்கூடாதென்பது, விருந்துக்கு அழைத்து இலையை எடுத்துவிடுவது போன்றது. இவ்விதியைத் திருத்துமாறு நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கோருவது நம் கடமை.

விதி மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெற்றோர் இப்போதே செய்யத்தக்கவை சில உள. பிள்ளை தறியில் அமர்ந்தாலும் பட்டப்படிப்பை நிறுத்தாதீர்கள். பட்டமின்றி மேற்சொன்ன முதுநிலைப் படிப்புகளில் சேர இயலாது. பாதுகாப்புக் கலையில் சாயம், காரம், அமிலம் பற்றிய அறிவு தேவையாதலால், மேல்நிலை வகுப்பில் வேதியியல் எடுப்பது நலம். ஆங்கிலத் தேர்வுக்கு ஓராண்டேனும் முன்னரே பயிலட்டும். சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் காஞ்சியிலுள்ள நெசவாளர் சேவை மையமும் அருகிலேயே இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம். வீட்டில் நெய்த சேலைகளின் படங்கள், சாயக் குறிப்புகள், பெரியவர்களிடம் கேட்டறிந்த முறைகள் ஆகியவற்றை ஒரு கையேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தேர்வுக் குழுவின் முன் மதிப்பெண் பட்டியலைவிட அந்தக் கையேடு வலுவாகப் பேசக்கூடும். பெண்பிள்ளைகளுக்கும் இவையனைத்தும் பொருந்தும். பத்தமடைப் பாயின் நுட்பத்தைப் பெண்களைவிட நன்கறிந்தவர் யார்?

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். முழுச் செலவைத் தாராத உதவித்தொகை கிடைத்த மாணவன், மீதிப் பணத்துக்கு வழியின்றி வாய்ப்பைக் கைவிட நேரலாம். அந்த மீதியை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க ஊர்தோறும் ஒரு நிதி இருக்குமானால், சென்றவர் திரும்பிவந்து நம் பள்ளிவாசலின் தூணையும் சுவடியின் ஏட்டையும் காப்பார். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. தறியின் வழியாகவும் ஓர் உயர்வு உண்டு என்று அவர்களுக்குக் காட்டுவது நம் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், அவ்வழியே செல்லும் முதற் பிள்ளை நம் வீடுகளில் ஒன்றிலிருந்து புறப்படட்டும்.