கிர் சிங்கங்கள்: எண்ணிக்கை மட்டும் போதுமா?

வன விலங்குகள் குறித்து நாடாளுமன்றத்தில் எந்த உறுப்பினர் கேள்வி எழுப்பினாலும், அமைச்சரின் பதில் பெரும்பாலும் ஓர் எண்ணில் வந்து நின்றுவிடுகிறது. எண் கூடியிருந்தால் ஆளும் தரப்பில் மேசை தட்டும் ஓசை. குறைந்திருந்தால் எதிர்த்தரப்பில் கூச்சல். அந்த எண்ணிக்கை எவ்வளவு பரப்பில், எத்தனை இடங்களில் பிரிந்திருக்கிறது என்ற துணைக் கேள்வி எழுவது அரிது.

குஜராத்தின் கிர் சிங்கங்களையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் 359 ஆக இருந்த இவை, 2020-இல் 674 ஆகவும், 2025 கணக்கெடுப்பில் 891 ஆகவும் உயர்ந்தன. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகச் சிலவாகச் சுருங்கிப்போன ஓர் இனம் இந்த அளவுக்கு மீண்டதில் குஜராத் அரசுக்கும், சிங்கங்களைச் சகித்துக்கொண்ட கிராம மக்களுக்கும் உரிய பெருமையை மறுப்பதற்கில்லை.

ஆனால் எந்தக் காட்டுக்கும் ஒரு தாங்கு திறன் உண்டு. இரையும் நீரும் மறைவிடமும் எத்தனை விலங்குகளுக்குப் போதுமோ, அதுவே அதன் எல்லை. எல்லையை நெருங்கும்போது இளம் ஆண் சிங்கங்கள் வெளியேறும். சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிர் தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் 2025-இல் இருந்தவை 384 மட்டுமே. எஞ்சிய 507 சிங்கங்களில் பல வயல்களிலும், ஆற்றோரங்களிலும், கடற்கரைப் புதர்களிலும், சாலையும் ரயில் பாதையும் திறந்த கிணறுகளும் உள்ள நிலத்தில் வாழ்கின்றன. இதை வெற்றி என்று மட்டும் படிப்பது பாதிக் கணக்கு.

மீதிக் கணக்கு நோய். நெருக்கம் கூடக்கூட நோய் பரவும் வேகமும் கூடும். 2018 செப்டம்பர், அக்டோபரில் கிர் கிழக்கின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் மடிந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் சிலவற்றிடம் கண்டறியப்பட்டது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் இதே வைரஸ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. ஆப்பிரிக்காவில் வேறு காடுகளிலும் சிங்கங்கள் இருந்தன. ஆசியச் சிங்கத்துக்குச் சௌராஷ்டிரத்தைத் தவிர இயற்கையான வாழிடம் வேறெங்கும் இல்லை.

இதை உணர்ந்தே, சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு ஆறு மாதங்களுக்குள் மாற்றுமாறு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு அந்த ஆண்டு அக்டோபரிலேயே முடிந்தது. "குஜராத்தின் பெருமை" அசையவில்லை. மாறாக, உச்ச நீதிமன்றம் 2020-இல் பரிசோதனை முறையில் அனுமதித்ததன் பேரில், 2022 செப்டம்பரில் நமீபியாவின் சிவிங்கிப் புலிகள் குனோவுக்கு வந்தன.

குஜராத் முன்வைக்கும் மாற்று, போர்பந்தர் அருகே உள்ள பர்டா சரணாலயம். 2025-இல் அங்கிருந்தவை 17 சிங்கங்கள். அதன் பரப்போ 200 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவும் அதே சௌராஷ்டிரத்துக்குள். ஊர் ஊராகத் திரியும் நாய்களும் கால்நடைகளும் இடையே நிறைந்திருக்க, கிரில் பரவும் தொற்று பர்டாவின் எல்லையில் நின்றுவிடும் என்று நம்புவதற்கு என்ன அடிப்படை? இரண்டாவது வாழிடம் என்றால் ஒன்றைத் தாக்கும் பேரிடர் மற்றொன்றை எட்டாத தொலைவு வேண்டும். மாநில எல்லைக்குள் அது கிடைக்காது என்பதே உண்மை.

சிங்கங்களுக்காகக் குனோவிலிருந்து 24 கிராமங்கள் அகற்றப்பட்டன. பெரும்பாலும் சஹாரியா பழங்குடியினர். எந்த விலங்குக்காக வீட்டையும் வயலையும் விட்டுக்கொடுத்தார்களோ, அது இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது மத்திய அரசா, குஜராத்தா என்ற கேள்வியை எந்த அவையில் யார் எழுப்பப் போகிறார்கள்?