நின்ற கணம்



கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பெட்டியின் அடியில் ஒரு பொருள் கிடக்கும். பழைய திருமண வீடியோ நாடா அது. அதைப் போட்டுக் காட்டும் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். மலைநாட்டு ஈரத்தில் நாடாவிலும் பூஞ்சை ஏறும். அதனுள் நம் பெரியோர்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சென்ற திங்கள், வண்டிப்பெரியாற்றை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மனைவியார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. அடையாள அட்டையில் உள்ள சிறு படம் ஒன்றே உண்டு. ஆனால் 1999-இல் கம்பத்தில் நடந்த மூத்த மகனின் திருமண நாடாவில், பந்தியில் பரிமாறும் அம்மையார் நான்கு நொடி தோன்றுகிறார். அந்த நான்கு நொடியிலிருந்து ஒரு படம் எடுக்கப் பேத்தி முனைந்திருந்தாள். கேரள அரசு 2018-இல் பள்ளிகளில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ குழுவில் கணினிப் பயிற்சி பெற்றவள் அவள்.

ஓடும் படம் என்கிறோமே, அது உண்மையில் ஓடுவதன்று. நின்ற படங்கள் பல, கண் பிரித்தறிய இயலாத விரைவில் அடுத்தடுத்து வருகின்றன. நம் நாட்டு வீடியோ நாடாவில் நொடிக்கு 25 படங்கள். திரைப்படச் சுருளில் 24. சுருள் காலத்தில் ஒரு காட்சியை மூன்று நொடி நிறுத்த வேண்டுமானால், ஒரே படத்தைத் தனிக் கருவியில் 72 முறை பதிவு செய்ய வேண்டும். சத்தியஜித் ராய் 1964-இல் ‘சாருலதா’ படத்தின் முடிவில், கணவனும் மனைவியும் நீட்டிய கைகள் ஒன்றையொன்று தொடுமுன் காட்சியை அப்படியே நிறுத்திவிட்டார். நம் கே. பாலசந்தரும் இம்முறையைப் பல படங்களில் கையாண்டார். இன்றோ, ‘கேடன்லைவ்’ போன்ற விலையில்லா மென்பொருளிலேயே அம்புக்குறி விசையால் ஒவ்வொரு படமாக நகர்த்தி, வேண்டிய இடத்தில் நிறுத்திப் பிரித்தெடுக்கலாம்.

நான்கு நொடிக்கு நூறு படங்கள். பேத்தி முதலில் எடுத்ததில் அம்மையாரின் கண்கள் பாதி மூடியிருந்தன. அடுத்ததில் முகத்தின் குறுக்கே சீப்பின் பற்கள் போலக் கோடுகள் ஓடின. பழைய நாடா ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாகப் பதிந்திருக்கும். இரண்டுக்கும் இடையே முகம் சற்றே அசைந்தாலும் கோடுகள் தோன்றும். அதைச் சீராக்கும் வசதி மென்பொருளில் உண்டு. பேத்தி அதனைச் செய்தாள். பிறகு, மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை அறிவுக் கருவி ஒன்றிலும் படத்தை இட்டாள். பளிச்சென்று ஒரு முகம் வந்தது.

பெரியவர் நெடுநேரம் பார்த்தார். “நன்றாகத்தான் இருக்கிறது, தாயி. ஆனால் இது உன் அப்பத்தா இல்லை” என்றார்.

அவர் கூற்று மெய்யே. நாடாவில் பதியாத நுட்பங்களை அக்கருவி எங்கிருந்து கொணரும்? வேறு ஆயிரம் முகங்களைப் பயின்று, ஏற்றதெனத் தோன்றுவதை இட்டு நிரப்புகிறது.

மீண்டும் நூறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஓரிடத்தில் பெரியவர் “நிறுத்து” என்றார். சோற்று வாளியோடு நின்ற அம்மையார் தலை நிமிர்ந்து எவரையோ நோக்குகிறார். இதழில் புன்னகை அரும்புகிறது. படம் மங்கல்தான். “எதிர் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டீர்களா என்று என்னைத்தான் கேட்கிறாள்” என்றார் அவர். அந்தப் படமே இன்று சுவரில் இருக்கிறது.

நேயர்களே! நிறுத்துவது கருவியின் வேலை. எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்ல, அவரை அறிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைச் செய்துவிட வேண்டும். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. வீடு போனால் வீட்டுப் படங்களும் போகும். அப்போது எங்கோ ஓர் உறவினர் வீட்டு நாடாவில் பதிந்த முகமே எஞ்சும்.

ஆகவே, நாடாவை முதலில் கணினிக் கோப்பாக மாற்றிவிடுங்கள். நாடாவையே அடிக்கடி நிறுத்திப் பார்த்தால் அவ்விடம் தேய்ந்துபோகும். கோப்பில் இரு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பின்னர் முதியோரை அருகில் அமர்த்தி, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். “இவர் யார்? எந்த ஊர்?” என்று கேட்டு, பெயரையும் உறவு முறையையும் படத்தின் கீழ் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் அயலார் முகமே.

வரும் விடுமுறை நாளொன்றில் இதனைத் தொடங்கலாமே!