பேகம்பூர் வீட்டை என்ன செய்வது?

சிங்கப்பூரில் வீடு வாங்கத் தடையாக இருப்பது திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கும் வீடு என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மகன் அங்கே இன்ஜினியர். புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் நிரந்தரவாசம் கிடைத்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. வீவக, அதாவது அங்கத்திய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய மூன்று படுக்கையறை வீடு ஒன்றை மறுவிற்பனையில் பார்த்து வைத்திருக்கிறான். பேங்க் கடனுக்கும் வழி இருக்கிறது. இடையில் வந்து நின்றது ஒரு கேள்வி: உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ உன் பேரில் வேறு குடியிருப்பு வீடு உண்டா?

உண்டு. அவன் அத்தா இருந்த காலத்திலேயே அவன் பேருக்கு எழுதி வைத்த மாடி வீடு. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டு மட்டும் திண்டுக்கல் பூட்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிங்கப்பூர் அரசின் விதிப்படி, வேறு வீடு வைத்திருப்பவர் வீவக வீட்டை வாங்க வேண்டுமானால் பழையதைத் தன் பேரிலிருந்து கழித்துவிட வேண்டும். பழையது வெளிநாட்டில் இருந்தாலும் அதே கதிதான். அரசு கட்டிய வீடு குடியிருக்கத்தான், வைத்துப் பூட்டுவதற்கு இல்லை என்பது அவர்கள் நியாயம். எனக்கு அது தப்பாகப் படவில்லை. பெரியம்மாவுக்குப் பட்டது.

“நம்ம ஊர்ல வீடிருந்தா அவங்களுக்கு என்ன தம்பி வலிக்குது?” என்றார்.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை குறைந்த காலத்திலும் அதற்கு முன்பும் துபாய், சவூதி, குவைத் என்று போனவர்கள் அங்கே பெட் ஸ்பேஸில்தான் இருந்தார்கள். ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா என்பதில்தான் பதவி உயர்வு. அங்கே நிலம் வாங்க நினைத்தாலும் சட்டம் விடாது. சம்பாதித்ததெல்லாம் இங்கே செங்கல்லாக வந்து சேர்ந்தது. துபாய் கதவைத் திறந்தது 2002-ல்தான். 2006-ல் வந்த ஏழாம் எண் சட்டம், குறித்த சில பகுதிகளில் வெளிநாட்டுக்காரர் முழு உரிமையோடு வீடு வாங்கலாம் என்று எழுத்தில் சொன்னது. இன்றைக்கு 20 லட்சம் திர்ஹாம் மதிப்புக்குச் சொத்து வாங்கினால் பத்து வருஷ கோல்டன் விசா. திண்டுக்கல்லில் இருந்துகொண்டே வாங்க நினைப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஆளுக்கு வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். குடியுரிமை? அந்தப் பேச்சே கிடையாது. விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான்.

துபாய்க்காரன் வீட்டை விற்று விசாவைக் கூடப் போட்டுக் கொடுக்கிறான். சிங்கப்பூர்க்காரன் முதலில் ஆளைப் பார்க்கிறான். நிரந்தரவாசிகள் இருவரும் மூன்று வருஷம் இருந்து காட்டினால்தான் வீவக மறுவிற்பனை வீடு. முதல் வீட்டுக்கும் 5 சதவீதம் கூடுதல் முத்திரை வரி. வீவக கடன் கிடையாது, அது குடும்பத்தில் குடியுரிமைக்காரர் ஒருவராவது இருந்தால்தான். வெறும் வேலை விசாவில் இருப்பவன் தனியார் அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், ஆனால் 2023 ஏப்ரல் 27-லிருந்து கூடுதல் முத்திரை வரி 60 சதவீதம். பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வீட்டுக்கு ஆறு லட்சம் வெள்ளி வரி. அமெரிக்காக்காரனுக்கும் சுவிஸ்காரனுக்கும் ஒப்பந்தத்தால் இதில் விலக்கு உண்டு. 2005-ல் இந்தியா போட்ட ஒப்பந்தத்தில் அது இல்லை. கனடா 2023-லிருந்து வெளிநாட்டுக்காரர் வீடு வாங்குவதற்குத் தடையே போட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவும் 2025 ஏப்ரலில் பழைய வீடுகளுக்கு அதே வழியில் போனது. இரண்டு நாட்டிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வீடு கிடைக்கவில்லை என்ற கோபம்தான் காரணம்.

வீவக வீடு 99 வருஷக் குத்தகை. இதைக் கேட்டதும் பெரியம்மா, “அப்ப ஒத்தி வீடா?” என்றார். திண்டுக்கல்லில் பாதிக் குடும்பங்களுக்கு ஒத்தி தெரியும். ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவது. அவர் கணக்கு ஓரளவுக்குச் சரி. ஆனால் ஒத்தியில் பணம் திரும்பி வரும். சிங்கப்பூர் கேலாங் லோரோங் 3-ல் 191 வீடுகளின் அறுபது வருஷக் குத்தகை 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. இழப்பீடு ஒரு காசு இல்லாமல் நிலம் அரசுக்குப் போனது. அவை தனியார் வீடுகள், வீவக வீடுகள் இல்லை. இருந்தாலும் குத்தகை என்றால் குத்தகைதான் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். வாங்குபவன் வயதைப் பார்க்காமல் குத்தகையில் மிச்சமிருக்கும் வயதைப் பார்க்க வேண்டும் என்று பையனிடம் சொன்னேன். அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான், 71.

இன்னொரு கணக்கும் உண்டு. 1989-லிருந்து ஒவ்வொரு வீவக கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவீதம் என்று வரம்பு. இந்தியரும் பிறரும் ஒரு கட்டடத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஓரிடத்தில் ஓரினம் மட்டும் திரண்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. வாங்கும்போது இது பெரிதாகத் தெரியாது. விற்கும்போது, இந்தியர் வரம்பு நிறைந்த கட்டடத்தில் சீனர் வீட்டை இந்தியருக்கு விற்க முடியாது. இந்தியர் தன் வீட்டை இந்தியருக்கு விற்கலாம். வாங்க வரும் கூட்டம் சுருங்கிவிடுகிறது, விலையும் அதற்கேற்பத்தான்.

எங்கள் தெருவில் இதைவிட அதிகம் பேசப்பட்டது வட்டி. பேங்க் கடன் வட்டிக்கடன், மார்க்கம் அதை அனுமதிக்கவில்லை. மலேசியாவில் 1983-லேயே பேங்க் இஸ்லாம் வந்துவிட்டது. வங்கியே வீட்டை வாங்கி லாபம் வைத்து உனக்கு விற்கும் முறை, வங்கியும் நீயும் பங்காளியாகி அவர்கள் பங்கை நீ கொஞ்சங்கொஞ்சமாக வாங்கும் முறை எல்லாம் அங்கே உண்டு. ஐரோப்பாவில் வேறு வழியில்லாதவர் குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் வாங்கலாம் என்று டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஃபத்வா சபை 1999-ல் சொன்னது. நம் பக்கத்து ஆலிம்கள் பலர் அதை ஏற்கவில்லை. நான் ஆலிம் இல்லை. பையனிடம் பள்ளிவாசலில் கேட்கச் சொன்னதோடு விட்டேன். ஒத்தியும் வட்டிதான் என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் பெரியம்மாவிடம் சொல்லி வைத்தேன், முகம் சுருங்கியது. அவர் மகள் ஒத்தி வீட்டில்தான் இருக்கிறாள்.

பெரியம்மா அறியாத ஒன்று பேரனைப் பற்றியது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான ஆண் பிள்ளை பதினெட்டு வயதுவாக்கில் இரண்டு வருஷம் தேசிய சேவைக்குப் போக வேண்டும். ராணுவமோ போலீசோ குடிமைத் தற்காப்போ, அவர்கள் அனுப்பும் இடம். வீட்டு விலையைப் பேசும் யாரும் இதை விலையில் சேர்ப்பதில்லை. நாளைக்குக் குடியுரிமை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோடு இங்கே வீடு வாங்கலாம். ஆனால் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்க முடியாது. விவசாய நிலம் வாரிசாகத்தான் வரலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வாழ்பவருக்கும் இதே விதி. இது தெரியாமல் தோப்புக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர் வந்து நிலைத்ததால்தான் எங்கள் ஊருக்கே பேர். 1755-ல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல் வந்தார் ஹைதர் அலி. அவர் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் கபர் பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது, அந்த அம்மையாரின் பேரில்தான் பேகம்பூர். அவரிடம் யாரும் பட்டா கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது எல்லாம் காகிதத்தில்தான். வீட்டை அக்கா பேருக்கு எழுதிவிடலாம் என்பது பையனின் யோசனை. “பேருக்கு எழுதிக் கொடுப்போம், சாவி நம்மகிட்டயே இருக்கட்டும்,” என்றார் பெரியம்மா. அது செல்லாது என்றேன். ஹிபா, அதாவது முஸ்லிம் சட்டப்படியான தானம் என்றால் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், வாங்குபவர் ஏற்க வேண்டும், சொத்து கைமாற வேண்டும். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு செய்தால் நாளைக்கு வழக்கில் முதல் கேள்வியே அதுதான். சிங்கப்பூரில் போய் வீடு இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவன் இங்கே உண்மையிலேயே இல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது. மகள் இங்கே குடிவந்தால் ஒத்திக்குக் கொடுத்த பணம் வேறு திரும்பி வரும்.

“எழுதிக் கொடுத்துட்டா அவன் லீவுக்கு வந்து எங்கம்மா தங்குவான்?” என்று மகளிடமே கேட்டார் பெரியம்மா.

“மாடியில தங்கட்டும். ஒத்திக் காசு கேக்க மாட்டேன்,” என்றாள் அவள்.